கத்துக்குட்டி கையில் கத்தி

மக்களே, ரெண்டு மாசமா கடைப் பக்கம் வரலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு பொய் சொல்லலாம். உண்மையான காரணம் ஆஸ்பத்திரி.

அத்தை பையனுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. அத்தை தன்னோடதுல ஒண்ணைத் தர்றதுன்னு முடிவாச்சு. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் சர்ஜன் எல்லாத்தையும் பொறுமையா விளக்கிட்டு, கடைசியா ஒண்ணு சொன்னார். "லேப்ராஸ்கோப்பியிலதான் எடுக்கப் போறோம். என்கிட்ட பயிற்சியில இருக்கற டாக்டர் ஒருத்தரும் கூட இருப்பார். சில கட்டங்களை அவர் செய்வார்."

வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஏங் கண்ணு, கத்துக்கற பையங்கிட்டயா என்ர கிட்னியக் குடுக்கறது?"

என்கிட்ட பதில் இல்லை. பொட்டி தட்டுறவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? ஆனா கேள்வி விடலை. ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்சதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. சின்னதா ஒரு கொசுவத்தி சுத்திக்கலாம், 1869-லிருந்து.

ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரம். குஸ்டாவ் சைமன்னு ஒரு சர்ஜன். அவரிடம் வந்த ஒரு பெண்ணுக்கு முன்பு நடந்த ஆபரேஷனில் சிறுநீர்க் குழாய் சேதமாகி, சிறுநீர் ஓயாமல் கசிந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கத்துக் கிட்னியை எடுத்துட்டா கசிவு நிற்கும். ஆனா ஒரு கிட்னியோட மனுஷன் பிழைப்பானா? அன்னைக்கு யாருக்கும் நிச்சயமா தெரியாது. சைமன் முதலில் நாய்களுக்கு ஒரு கிட்னியை எடுத்துப் பார்த்தார். பிறகு பிணங்களில் பழகினார். அதுக்கப்புறம்தான், 1869 ஆகஸ்ட் 2-ம் தேதி, அந்தப் பெண்ணைத் தொட்டார். அவர் பிழைத்தார். திட்டமிட்டுச் செய்து வெற்றி பெற்ற முதல் கிட்னி நீக்கம் அதுதான். கவனிங்க, வித்தை பிறக்கும்போதே ஒத்திகையும் கூடவே பிறந்திருக்கு.

லேப்ராஸ்கோப்பி வந்ததும் இந்த ஒத்திகை இன்னும் அவசியமாச்சு. ஏன்னு புரிய, கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்க்கணும். வயிற்றில் 3, 4 சின்னத் துளைகள். கார்பன் டை ஆக்ஸைடை நிரப்பி வயிற்றை உப்ப வைப்பாங்க. ஒரு துளையில் கேமரா, மற்றதில் நீளமான கருவிகள். கையை இடது பக்கம் கொண்டுபோனா கருவியின் முனை வலது பக்கம் போகும், பார்க்குல இருக்கற சீசா பலகை மாதிரி. திரையோ தட்டை, ஆழம் தெரியாது. திசுவை விரலால் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. இதுல கிட்னி வேற சாதாரண உறுப்பு இல்லை. ரெண்டு கிட்னி வழியாவும் நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல ரத்தம் ஓடுது. அந்த ரத்தக்குழாயில் கை தவறினா, யோசிக்கக்கூட நேரம் இருக்காது.

பழைய முறையில் வயிற்றைத் திறந்து செய்யும்போது குருவின் கையும் சிஷ்யனின் கையும் ஒரே காயத்துக்குள்ள இருக்கும். தப்புப் பண்ணினா குரு கையைத் தட்டிவிடலாம். இங்க அந்த வசதி குறைவு.

இதை முதலில் உணர்ந்தவங்கள்ல ஒருத்தர் கீல் நகரத்து மகப்பேறு மருத்துவர் குர்ட் செம். டாக்டர் ஆவதற்கு முன்னால் கருவி செய்யும் தொழில் பழகியவர். (நம்ம இனம்!) 1980-ல் லேப்ராஸ்கோப்பி மூலமா முதல் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் செய்தவர். மற்றவங்க பழகுறதுக்காக ஒரு பெட்டி செய்தார், பேர் பெல்வி ட்ரெய்னர். மூடின பெட்டி, மேலே துளைகள். அதுக்குள்ள கருவியை விட்டு நாள் முழுக்கப் பழகலாம், எத்தனை முறை தப்பு செய்தாலும் யாரும் சாகமாட்டாங்க. நாங்க புதுசா சேர்ந்த பையனை டெஸ்ட் சர்வர்ல மேய விடுவோமே, அதேதான்.

இனி கிட்னி. 1990 ஜூன் 25, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ், வாஷிங்டன் பல்கலைக்கழகம். ரால்ஃப் க்ளேமன் குழு 85 வயதுப் பாட்டி ஒருவரின் கிட்னியை, அதிலிருந்த 3 செ.மீ. கட்டியோடு, துளை வழியாவே எடுத்தாங்க. அவ்வளவு பெரிய உறுப்பு அந்தத் துளையில் எப்படி வந்தது? வயிற்றுக்குள்ளேயே ஒரு பையில் போட்டு, துண்டு துண்டாக்கி உறிஞ்சி எடுத்தாங்க. கிட்டத்தட்ட 7 மணி நேரம். அதற்கு முன்னால் பன்றிகளில் பழகியிருந்தாங்க.

அதே காலத்தில் ஒரு கசப்பான பாடமும் நடந்தது. பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுக்கறது அமெரிக்காவில் காட்டுத்தீயாப் பரவின நேரம். நோயாளிகள் அதையே கேட்டு வந்தாங்க. பல சர்ஜன்கள் சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய், பன்றியில் ஒண்ணு ரெண்டு செய்துபார்த்துட்டு, திங்கக்கிழமை மனுஷங்க மேல ஆரம்பிச்சாங்க. பித்தக்குழாய் அறுபட்ட கேஸ்கள் குவிந்தன, சாவும் நடந்தது. 1992-ல் நியூயார்க் மாநில சுகாதாரத் துறை தலையிட்டு, மேற்பார்வையில் குறைந்தது 15 செய்த பிறகுதான் தனியா செய்யலாம்னு சொல்ல வேண்டி வந்தது. வருஷக்கணக்கா வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்த கைதான் அதுவும். புது வித்தைக்கு முன்னால அனுபவசாலியும் கத்துக்குட்டிதான்.

அதே 1992-ல் நம்ம பம்பாயிலிருந்து ஒரு நல்ல செய்தி. கிட்னி இருப்பது முதுகுப் பக்கம். அங்கே வயிற்றைப் போல வெற்றிடம் கிடையாது, கொழுப்புதான். டாக்டர் துர்கா தத் கௌர் ஒரு ரப்பர் குழாயில் சர்ஜரி கையுறையைக் கட்டி, உள்ளே விட்டு, பி.பி. பார்க்கற பம்ப்பால ஊதினார். கையுறை பலூன் கொழுப்பை ஒதுக்கி இடம் உண்டாக்கியது. பின்பக்கமா நேரே கிட்னிக்குப் போக வழி கிடைத்தது. எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்கற பொருள்தானே? அதனால மற்றவங்களும் எடுத்துக் கத்துக்க முடிஞ்சது.

அடுத்தது அத்தை சமாச்சாரம். 1995 பிப்ரவரியில் பால்டிமோரில் லாய்ட் ராட்னரும் லூயிஸ் கவூசியும் முதன்முதலா உயிரோடிருக்கும் தானக்காரரின் கிட்னியை லேப்ராஸ்கோப்பியில் எடுத்தாங்க. இங்கே துண்டாக்க முடியாது. முழுசா, சேதமில்லாம வரணும். ரத்த ஓட்டத்தை நிறுத்தினதும் சில நிமிஷத்துக்குள்ள வெளியே வந்தாகணும். எல்லாத்துக்கும் மேல, படுத்திருப்பவர் நோயாளியே இல்லை. ஒரு குறையும் இல்லாத மனுஷி, தன்கிட்ட இருந்த பேக்கப்பையும் தூக்கிக் கொடுத்துட்டுப் போறாங்க. இந்த ஆபரேஷனில் யார், எப்போ, எவ்வளவு கத்துக்கலாம்?

பதில் மெல்ல மெல்ல உருவாச்சு. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஃப்ரைட் குழு பெட்டிப் பயிற்சிக்கு மார்க் போடும் முறையைக் கொண்டுவந்தது. ஒரு கருவியால் சின்னப் பொருளைத் தூக்கி, இன்னொரு கருவிக்கு மாற்றி, வேற இடத்தில் வைக்கணும். துணியில் வட்டம் வெட்டணும். முடிச்சுப் போடணும். இதிலிருந்து வளர்ந்த தேர்வு 2009-10-ல் படிப்பை முடிக்கறவங்களிலிருந்து அமெரிக்காவில் பொது சர்ஜன்களுக்குக் கட்டாயமாச்சு. ஐரோப்பிய யூராலஜிக்காரங்களும் தங்களுக்குன்னு இதே மாதிரி ஒரு தேர்வு வச்சாங்க. 2002-ல் யேல் பல்கலைக்கழகம் 16 இளம் டாக்டர்களை வைத்துச் சோதனை செய்தது. ஒரு பாதிப் பேர், கைதேர்ந்தவங்களின் அளவை எட்டும்வரை கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் பழகினாங்க. பிறகு நிஜ ஆபரேஷனில் பித்தப்பையைப் பிரிக்கும்போது 29% வேகம். பழகாதவங்க திசுவைச் சுடும், காயப்படுத்தும் வாய்ப்பு 5 மடங்கு அதிகம். எத்தனை மணி நேரம் பழகினேங்கறது இல்லை, எந்த அளவைத் தொட்டேங்கறதுதான் கணக்கு.

ஆபரேஷன் தியேட்டரிலும் படிக்கட்டு முறை. முதலில் கேமரா பிடிக்கணும். பிறகு துளை போடணும். அப்புறம் குடலை ஒதுக்கணும். பிறகு சிறுநீர்க் குழாயைக் கண்டுபிடிக்கணும். தமனி, சிரையைத் தொடுவது ரொம்பக் கடைசி. குருவின் கை உள்ளே இல்லாத குறையைத் திரை ஓரளவு ஈடு செய்யுது. சிஷ்யன் பார்க்கும் அதே காட்சியைக் குருவும் பார்க்கிறார். எந்த நொடியிலும் "நிறுத்து, கருவியைக் கொடு"ன்னு சொல்லலாம்.

மறுநாள் அத்தையும் நானும் திரும்பப் போனோம். ரெண்டே கேள்வி கேட்டேன். "அவர் எந்தெந்தக் கட்டம் செய்வார்? ரத்தக்குழாயை யார் பார்ப்பாங்க?" சர்ஜன் முகம் சுளிக்கலை. "துளை போடறது, குடலை ஒதுக்கறது அவர். அதை என் முன்னால பலமுறை செஞ்சிருக்கார். ரத்தக்குழாய் நான்" என்றார். வேண்டாம்னு சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்குன்னும் சொன்னார்.

அத்தை கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. பக்கத்தில் நின்ன அந்த இளம் டாக்டரைப் பார்த்து, "காலைல சாப்பிட்டுட்டு வா சாமி, கை நடுங்கப் போகுது"ன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க.

இப்ப அத்தை வீட்டுல மெதுவா நடமாடறாங்க. பையனுக்கு மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, ஆனா டயாலிசிஸ் இல்லை. வயித்துல இருக்கற சின்னத் தழும்பைக் காட்டி "இது அந்தப் பையன் போட்டது"ன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, இது மருத்துவ ஆலோசனையும் இல்லை. ஆனா உங்க வீட்டுல யாருக்காவது ஆபரேஷன்னா அந்த ரெண்டு கேள்வியைக் கூச்சப்படாம கேளுங்க.