ஏட்டுக்குள் இருந்த ஆயுதம்

2025 பெப்ரவரி 19ஆம் திகதி பாலாவியில் விசேட அதிரடிப்படையினர் ஒரு வானை மறித்து, உள்ளே இருந்த ஒருவரைக் கைதுசெய்தார்கள். அன்று காலை கொழும்பு புதுக்கடை 5ஆம் இலக்க நீதவான் நீதிமன்றத்துக்குள், பூஸ்ஸ சிறைச்சாலையிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த பாதாள உலகப் புள்ளி கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். வானில் பிடிபட்டவர்தான் சுட்டவர் என்றார்கள் பொலிஸார்; சட்டத்தரணியின் உடையில் வந்திருந்தாராம். ஏறத்தாழ 120 கிலோமீற்றர் நீண்ட அந்த ஓட்டம் எங்கள் வாசலில் வந்து முடிந்தது. கற்பிட்டிப் பாதை பிரிவது பாலாவியில்தான். எங்கள் ஊரான கண்டக்குழிக்கு வருகிற எவரும் அந்தச் சந்தியில் திரும்பியாக வேண்டும். கொழும்பு பஸ்ஸில் தூங்கி வழிகிற எங்கள் சனத்தை எழுப்புவது கொண்டக்டரின் "பாலாவி, பாலாவி"யும் உப்பளத்துக் காற்றும்.

கடற்கரையில் எல்லோரும் கேட்ட கேள்வி, ஆள் எங்கே போக வந்தான் என்பது. கடல் பக்கம் ஓடிவருகிறவனைப் பற்றி இங்கே வேறென்ன கேட்பார்கள்? பீடி இலையும் மஞ்சளும் தங்கமும் களவாகக் கரையேறுகிற கரை இது. கடற்படை பிடித்த செய்தி வராத மாதம் குறைவு. எனக்கு ஆளைவிடத் துப்பாக்கியின் பயணம்தான் பெரிதாகப் பட்டது. அந்த ரிவோல்வர் பாலாவி வரை வரவில்லை. வேலை முடிந்த இடத்திலேயே, நீதிமன்றத்திலேயே கிடந்தது. கொழும்பின் நடுவில், பொலிஸும் சிறைக் காவலரும் நிறைந்த வளாகத்துக்குள் அது எப்படிப் போனது?

சட்டப் புத்தகம் ஒன்றுக்குள் போனது என்றார்கள் பொலிஸார். தடித்த புத்தகத்தின் தாள்களை நடுவில் வெட்டியெடுத்துக் குழி செய்து, அதற்குள் துப்பாக்கியை வைத்து மூடி, சட்டத்தரணி போல உடுத்த ஒரு பெண் கையில் கொண்டுவந்தார் என்பது அவர்கள் சொன்ன விவரம். அந்தப் பெண் எட்டு மாதம் கழித்து, 2025 ஒக்டோபரில், நேபாளத்தில் பிடிபட்டார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். புத்தகத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நீதிமன்றத்தில் சட்டத்தரணியின் கையில் புத்தகம் இருப்பது மீனவன் கையில் வலை இருப்பது போலத்தான். பார்க்கிறவன் கண் அதில் தங்காது. பை என்றால் திறக்கச் சொல்லலாம், பார்சல் என்றால் கேட்கலாம். கறுப்புக் கோட்டையும் சட்டப் புத்தகத்தையும் சேர்த்துக் கண்டால் காவலர் வழிவிட்டு நிற்பார். ஒளித்த பொருள் ஒன்று. ஒளிக்கவே தேவையில்லாதபடி எல்லோரும் பார்த்துப் பழகிய பொருள் இன்னொன்று. முதலாவது இரண்டாவதின் வயிற்றுக்குள் போய்விட்டது.

இந்தத் தந்திரம் தமிழனுக்குப் புதிதே இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் கதை இருக்கிறது. திருக்கோவலூரிலிருந்து சேதி நாட்டை ஆண்டவர். போரில் அவரிடம் திரும்பத் திரும்பத் தோற்ற முத்தநாதன், கடைசியில் உடம்பெல்லாம் திருநீறு பூசி, சடைமுடி கட்டி, கையில் ஓர் ஏட்டுக் கட்டோடு வருகிறான். கட்டுக்குள் கத்தி. ஒவ்வொரு வாயிலிலும் காவலர் வணங்கி வழிவிடுகிறார்கள். உள்வாயிலில் தத்தன் மட்டும் மன்னர் உறங்குகிறார் என்று சொல்லித் தடுத்துப் பார்க்கிறான்; ஆகமம் சொல்ல வந்திருக்கிறேன் என்றதும் அவனாலும் நிறுத்த முடியவில்லை. மன்னர் அவனை ஆசனத்தில் இருத்தித் தான் தரையில் இருக்கிறார். அவன் ஏட்டை அவிழ்க்கிறான். அவர் வணங்குகிறார். குத்துகிறான்.

பக்திக்குச் சான்றாகச் சொல்லப்பட்ட கதை. ஆனால் வாயில்காப்போன் ஒருவன் அதை வாசித்தால் அவனுக்கு வேறொன்று தெரியும்: வேடம், புத்தகம், வணக்கம் என்ற மூன்று கதவும் உள்ளிருந்து திறக்கின்றன. வள்ளுவரும் கூடா நட்பு அதிகாரத்தில் கும்பிடுகிற கைக்குள்ளேயே படை ஒளிந்திருக்கலாம் என்று எச்சரித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

துப்பாக்கி என்ற பொருள் இந்தத் தீவில் அந்த மூன்றில் வேடம், வணக்கம் என்ற இரண்டு கதவையும் ஒரே காலையில் தாண்டியது 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி. கொழும்பு ரொஸ்மீட் பிளேஸில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் வீடு. காலையில் சனத்தைச் சந்திப்பது அவர் வழக்கம். விறாந்தையில் எவரும் வந்து காத்திருக்கலாம். அன்று காத்திருந்தவர்களில் தல்துவே சோமராம என்ற பிக்குவும் ஒருவர். கண் வைத்தியர், சுதேச வைத்தியக் கல்லூரியில் படிப்பித்தவர். பேச வந்ததும் வைத்தியக் கல்லூரிச் சங்கதி என்றே சொன்னார். பிரதமர் பிக்குவை வழக்கப்படி வணங்க முற்பட்ட வேளையில் காவித் துணிக்குள்ளிருந்து ரிவோல்வர் வெளியே வந்தது.

அந்த ரிவோல்வரைக் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். வெப்லி, ஆறாம் மார்க். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்யப்பட்ட மாதிரி. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல் பிரித்தானியப் படைக்கு வந்தது. நீளம் ஓரடிக்குச் சற்றுக் குறைவு. பாரம் ஒரு கிலோவுக்கு மேல். கொக்கியைத் தள்ளினால் குழாய் முன்பக்கமாக மடிந்து, ஆறு வெற்றுக் கோதுகளும் ஒரேயடியாக வெளியே தள்ளப்படும். கைப்பிடியின் அடியில் ஒரு வளையம் இருக்கும். பதுங்குகுழியில் தவறி விழாமல் இருக்கக் கயிறு கட்டி உடம்பில் மாட்டிக்கொள்வதற்கான வளையம் அது. நாலு பேர் பார்க்க, இடுப்பில் தோலுறையில் தொங்க வேண்டும் என்று நினைத்துச் செய்த துப்பாக்கி. காற்சட்டைப் பொக்கெற்றில் போட்டால் காற்சட்டையே இறங்கும். சேர்ட்டுக்குள் செருகினால் எவனுக்கும் தெரியும். அதை ஒளித்துக்கொண்டு ஒரு பிரதமரின் முன்னால் இருக்க இந்த நாட்டில் ஓர் உடைதான் இருந்தது. பல மடிப்பாகத் தோளிலிருந்து இறங்கும் அந்த உடையை எந்தக் காவலனும் தடவிப் பார்க்க மாட்டான். பஸ்ஸில் முதல் ஆசனத்தை மதகுருமாருக்கு ஒதுக்கி எழுதி வைத்திருக்கிற நாடு இது.

பர்மிங்ஹாமிலிருந்து காவிக்குள் வந்த வழியை நீதிமன்றத்தில் அரச தரப்பு விவரித்தது. பொலிஸ் பரிசோதகர் ஒருவர் கொடுத்தார் என்பது அவர்கள் வாதம். ஜூரிகள் அதை ஏற்காமல் அவரை விடுவித்தார்கள். களனி விகாராதிபதி மாப்பிட்டிகம புத்தரக்கித தேரர், வர்த்தகர் எச்.பி. ஜயவர்தன, சோமராம ஆகிய மூவருக்கும் 1961 மே மாதம் மரண தண்டனை விதிக்கப்பட்டது. இதில் ஒரு முடிச்சு. மரண தண்டனையை 1958இல் நிறுத்தி வைத்ததே பண்டாரநாயக்க அரசாங்கம். அவர் இறந்த பிறகு அது திரும்பக் கொண்டுவரப்பட்டது. சதிக்குற்றத்துக்கு அது பின்னோக்கிச் செல்லாது என்று மேன்முறையீட்டில் முடிவாக, முதல் இருவரின் தண்டனை ஆயுள் சிறையானது. சோமராம 1962 ஜூலை 6ஆம் திகதி வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார்.

மெய்ப்பொருள் நாயனார் கதையில் இன்னும் ஒரு பகுதி உண்டு. குத்தியவனைக் கொல்ல ஓடிவந்த தத்தனை மன்னர் தடுத்து, ஊரார் கையில் அகப்படாமல் அவனைப் பத்திரமாக வெளியே விட்டுவரச் சொல்வார். சுடப்பட்ட பண்டாரநாயக்க வைத்தியசாலையிலிருந்து சொல்லியனுப்பியதும் அதே ரகம்: பிக்கு உடை தரித்த ஒரு மூடன் சுட்டுவிட்டான், அவன்மேல் இரக்கம் காட்டுங்கள், பழிவாங்க வேண்டாம். மறுநாள் இறந்துபோனார். சிங்களம் மட்டும் சட்டம் கொண்டுவந்த மனிதரைத் தமிழ் வாசகர் நாயனார் வரிசையில் வைக்க மாட்டார், நானும் வைக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை இல்லையென்று சொல்லவும் முடியாது.

அதே வீட்டுக்குக் காவி அதற்கு முன்னும் வந்திருந்தது. 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பெருந்தொகைப் பிக்குகள் ரொஸ்மீட் பிளேஸில் வந்து குந்தியிருந்து, தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தைக் கைவிடுகிறேன் என்று பிரதமரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று மடிப்புக்குள் எந்த ஆயுதமும் தேவைப்படவில்லை.

சோமராமவின் வெப்லியோடு வைத்துப் பார்த்தால், காந்தியைக் கொன்ற பெரெட்டா கைத்துப்பாக்கி வேறு சாதி. 1934 மாதிரி, இத்தாலியத் தயாரிப்பு, இலக்கம் 606824. வெப்லியில் பாதி நீளம், முக்கால் கிலோவுக்கும் குறைவு; பொக்கெற்றுக்கென்றே பிறந்தது. ஆபிரிக்காவில் போரிட்ட இத்தாலியப் படையிடமிருந்து குவாலியர் படை அதிகாரி ஒருவர் கைக்கு வந்து, பிறகு சில கைகள் மாறி, 1948 ஜனவரி கடைசியில் குவாலியரில் கோட்சேயிடம் சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து டெல்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில், பிரார்த்தனைக்கு வந்த கூட்டத்துக்குள் கோட்சேயின் உடுப்புப் பொக்கெற்றில் இருந்தது. அங்கும் வணக்கம் சொன்ன பிறகுதான் வெடித்தது.

அமெரிக்காவில் பொக்கெற்றில் துப்பாக்கி வைப்பது வேறு கதை. அங்கே பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிப்பத்திரமே இல்லாமல் கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டுசெல்லலாம். வெளியே துப்பாக்கி சுமப்பது அரசியலமைப்பு உரிமை என்று 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நியூயோர்க் வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. வீட்டுச் சாவி, பணப்பை, போன் என்று காலையில் எடுத்து வைக்கும் சாமான்களோடு அதுவும் ஒன்று. அவர்களே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்: துப்பாக்கி இருக்கிற பொக்கெற்றில் வேறொன்றும் இருக்கக் கூடாது. சாவியோ சில்லறையோ விசையில் மாட்டினால் அவரவர் தொடையில்தான் பாயும். உலகத்தின் பெரிய துப்பாக்கி நாடும் கடைசியில் சில்லறைக்குப் பயப்படுகிறது.

எங்கள் கடற்கரை ஆளின் பொக்கெற்றில் என்ன இருக்கும்? கடலுக்குப் போகிறவர் சாரத்தோடு போவார், பொக்கெற்றே கிடையாது. இடுப்பு மடிப்பில் பீடிக் கட்டும் லைட்டரும். பொலித்தீன் பையில் முறுக்கிச் சுற்றிய போன். கரையில் இருக்கும்போது சேர்ட் பொக்கெற்றில் அடையாள அட்டை. யுத்த காலத்தில் அட்டை இல்லாமல் சந்திக் கடைக்குக்கூடப் போக முடியாது. துப்பாக்கியைப் பொக்கெற்றில் வைத்திருந்தவர்களை இந்தக் கரை அதிகம் கண்டதில்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்களால் பொக்கெற் தடவப்பட்டவர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்ப் பக்கத்துச் சனம் படகேறி வந்து இறங்கியது இந்தக் கற்பிட்டிக் கரையில்தான். நகையும் காசும் வழியிலேயே பறிக்கப்பட்டு, உடுத்த துணியோடு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இங்கே கடை வைத்திருக்கிறார்கள், ஆசிரியராக இருக்கிறார்கள். சோதனை என்ற சொல்லைக் கேட்டால் அந்தப் பெரியவர்களின் முகம் மாறுவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சட்டம் இல்லாமலில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உண்டு. தற்பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி வேண்டுமென்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். 2024 நவம்பரில் அந்த அனுமதித் துப்பாக்கிகளையும் வெலிசறை கடற்படை முகாமில் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொல்லி மீள்பரிசீலனை செய்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அனுமதிப்பத்திரம் உள்ளவன் அமைச்சின் கடிதத்தைக் கண்டு கொண்டுபோய்க் கொடுப்பான். புத்தகத்தைக் குடைந்தவனுக்கு எந்தக் கடிதமும் போவதில்லை. அவனை நிறுத்தக்கூடிய ஒரே இடம் வாயில். வாயிலில் நிற்கிறவன் மனிதனின் உடையைப் பார்த்துத் தரம் பிரிக்கிற வரையில் அவனாலும் நிறுத்த முடியாது. சாரம் கட்டிய எங்கள் ஆளை இரண்டு தரம் தடவுகிறவர்கள் கோட் போட்டவரை ஒரு தரமும் தடவுவதில்லை. புதுக்கடையில் பிழைத்தது அங்கேதான். ரொஸ்மீட் பிளேஸில் பிழைத்ததும் அங்கேதான்.

புதுக்கடைக்குப் பிறகு நீதிமன்றங்களில் பாதுகாப்பை இறுக்கினார்கள். ஆறு மாதம் போனால் தளரும் என்பது இந்த நாட்டு அனுபவம். புத்தளம் நீதிமன்றத்துக்கோ கொழும்புக்கோ வழக்குக்குப் போகிற எங்கள் ஊர்ச் சனத்திடம் ஒன்று கேட்கிறேன். வாயிலில் பையைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டுங்கள்; உங்களுக்குப் பின்னால் வருகிற கறுப்புக் கோட்டையும் காவியையும், மௌலவியின் ஜுப்பாவையும், பாதிரியாரின் அங்கியையும், அவர்கள் கையில் இருக்கிற புத்தகத்தையும் அதே மாதிரித் திறந்து பார்க்கிறார்களா என்று நின்று பாருங்கள். பார்க்கவில்லையென்றால் அங்கேயே, மரியாதையோடு, சத்தமாகக் கேளுங்கள்.