அட்டவணையின் அதிகாரம்

மேலாண்மைப் பாடநூல்கள் ப்ராஜெக்ட் மேனேஜருக்கு ஒரு விநோதமான இடத்தைத் தருகின்றன. பொறுப்பு முழுக்க அவர் தலையில். ஆளை எடுக்க, நீக்க, சம்பளம் உயர்த்த பெரும்பாலும் அவருக்கு உரிமை கிடையாது. ஆகவே அதிகாரத்தால் அல்ல, தலைமைப் பண்பால் ஆட்களை நடத்திச் செல்ல வேண்டும் என்று உபதேசம். எங்கள் தெருவிலேயே மூன்று ப்ராஜெக்ட் மேனேஜர்கள் இருக்கிறார்கள். மூவரும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். அதிகாரம் பழசு, பட்டாளத்துச் சமாச்சாரம். தலைமை புதுசு, ஜனநாயகமானது. இந்த இருமை எதிர்வு எதை மறைக்கிறது என்பதே என் கேள்வி.

இதைக் கேட்க 1942-க்குப் போக வேண்டியிருக்கிறது. ப்ராஜெக்ட் மேனேஜர் என்ற பதவிப்பெயர் பரவுவதற்கு முன்பே, அந்தப் பதவியின் இரண்டு முகங்களும் இரண்டு ஆட்களாக அங்கே நிற்கின்றன. அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தின் ஜெனரல் லெஸ்லி க்ரோவ்ஸ் ஒருவர். லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ராபர்ட் ஓப்பன்ஹைமர் இன்னொருவர்.

க்ரோவ்ஸ் ராணுவக் கட்டடப் பொறியாளர். பென்டகன் கட்டட வேலையை மேற்பார்த்தவர். 1942 செப்டம்பர் 17 அன்று திட்டம் அவர் கைக்கு வந்தபோது அவர் வெறும் கர்னல். ஜெனரலாக்கினால்தான் பொறுப்பேற்பேன் என்றார். ஆறே நாளில் ஆக்கினார்கள். ஏன் கேட்டார் தெரியுமா? பட்டாளத்துக்காரர்களைவிடப் பேராசிரியர்கள்தான் பதவி அந்தஸ்தை அதிகம் பார்ப்பவர்கள் என்று பின்னாளில் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை வராந்தாக்களில் நின்றவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். செப்டம்பர் 19 அன்று போர் உற்பத்தி வாரியத் தலைவர் டொனால்ட் நெல்சனிடம் போகிறார். பொருள்களுக்கு உச்ச முன்னுரிமை வழங்கும் உரிமை தமக்கு உண்டு என்ற கடிதத்தை, நெல்சன் எழுதுவதுபோலத் தாமே எழுதிக் கையோடு கொண்டுபோகிறார். நெல்சன் முதலில் மறுக்கிறார். அப்படியானால் திட்டத்தைக் கைவிடும்படி ஜனாதிபதியிடம் சொல்லிவிடுகிறேன், வாரியம் ஒத்துழைக்கவில்லை என்று. கையெழுத்து விழுந்தது.

அதிகாரம் மேலிருந்து இறங்கி வருவதாக நாம் நினைக்கிறோம். இங்கே அது கீழே வரைவு எழுதப்பட்டு, மேலே கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்கிறது. இந்த வழக்கத்தை நினைவில் வையுங்கள். 1945 ஜூலையில் திரும்ப வரும்.

க்ரோவ்ஸின் இரண்டாவது உத்தி, வேலையைக் கூறுபோடுவது. ஒரு கூறுக்குள் இருப்பவனுக்கு அடுத்த கூறு தெரியக்கூடாது. தன் வேலைக்கு வேண்டியது மட்டும் தெரிந்தால் போதும். (தமிழில் நூலின் பெரும்பிரிவுக்கும் அதிகாரம் என்றுதான் பெயர், உரையாசிரியர்கள் முறைமை என்று பொருள் சொல்வார்கள். பிரித்து வைப்பதும் ஆள்வதும் ஒரே சொல்லில் கிடப்பது தற்செயலாகவே இருக்கட்டும்.) 1944 நடுவில் சுமார் 1 லட்சத்து 29 ஆயிரம் பேர் இத்திட்டத்தில் வேலை செய்தார்கள். என்ன செய்கிறோம் என்று தெரிந்தவர்கள் மிகச் சிலர். டென்னசியின் ஓக் ரிட்ஜில் யுரேனியத்தைப் பிரிக்கும் கலுட்ரான் எந்திரங்களின் முன்னால், பலரும் பள்ளிப் படிப்போடு வந்த இளம்பெண்கள், உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். விஞ்ஞானிகளுக்கும் அவர்களுக்கும் ஒரு போட்டி வைத்ததாகவும், பெண்களே அதிக உற்பத்தி காட்டியதாகவும் க்ரோவ்ஸுக்கு அடுத்த நிலையிலிருந்த நிக்கோல்ஸ் சொல்கிறார். முள் லேசாக ஆடினாலும் விஞ்ஞானி காரணம் தேடப் போய்விடுவான்; பெண்கள் ஏன் என்று கேட்காமல் திருப்பினார்கள் என்பது அவர் விளக்கம். மெச்சுகிறாராம்! அதே ஊரில் கறுப்பினத் தொழிலாளர்களைத் தனிக் குடிசைகளில் வைத்து, கணவனையும் மனைவியையும்கூடப் பிரித்தே வைத்திருந்தார்கள். கூறுபோடல் எந்திரத்தோடு நிற்கவில்லை.

ஆனால் ஏன் என்று கேட்பவர்கள் தேவைப்படுகிற இடமும் ஒன்று இருந்தது: லாஸ் அலமாஸ். அங்கே குமிழ் திருப்புகிறவர்கள் போதாது, புதிதாக யோசிக்கிறவர்கள் வேண்டும். யோசிக்கச் சொல்லி உத்தரவு போட முடியாதே. அங்கேதான் ஓப்பன்ஹைமர் வருகிறார். வயது 38, நோபல் பரிசு இல்லை, ஒரு துறையைக்கூட நிர்வகித்த அனுபவம் இல்லை. விஞ்ஞானிகளுக்கும் ராணுவ உடுப்பு போட்டுவிட வேண்டும் என்பது முதல் யோசனை. ஓப்பன்ஹைமருக்கு அதில் ஆட்சேபம் இருக்கவில்லை. எதிர்த்தவர்கள் ராபியும் பேக்கரும். ராணுவக்கூடமாக மாறும் நாளே என் ராஜினாமா நாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பேக்கர் வேலையில் சேர்ந்தார். உடுப்பு கைவிடப்பட்டது. வாரந்தோறும் விஞ்ஞானிகள் கூடி வெளிப்படையாகப் பேசும் கூட்டமும் நடந்தது. க்ரோவ்ஸுக்குப் பிடிக்கவில்லை, விட்டுக்கொடுத்தார்.

இதை ஜெனரலின் தோல்வி, ஜனநாயகத்தின் வெற்றி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. அதிகாரம் தடுப்பது மட்டுமல்ல, உற்பத்தியும் செய்கிறது என்று ஃபூக்கோ சொன்னது இங்கே சுத்தமாகப் பொருந்துகிறது. 1944 ஜூலையில் புளூட்டோனியத்துக்குத் துப்பாக்கி முறை சரிப்படாது என்று தெரிந்ததும், ஆகஸ்டுக்குள் கூடம் முழுவதையும் கலைத்து, உள்வெடிப்பு முறைக்காகத் திரும்பக் கட்டினார்கள். எந்த உத்தரவும் இதை மட்டும் தனியாகச் செய்திருக்காது. முள்வேலிக்குள் கிடைத்த சுதந்திரம்தான் வேலியின் பயனைப் பெருக்கியது. அந்தத் தலைமையும் ஒரு காகிதத்தின்மேல் நின்றதுதான். பாதுகாப்பு அதிகாரிகள் மறுத்த அனுமதியை 1943 ஜூலை 20 அன்று க்ரோவ்ஸ் உத்தரவிட்டு வாங்கித் தந்தார். 1954 ஜூனில் அணுசக்தி ஆணையம் அதைப் பிடுங்கிக்கொண்டது. 2022 டிசம்பரில், செத்து 55 வருஷம் கழித்து, அந்த முடிவை ரத்து செய்தார்கள்.

சுதந்திரத்தின் எல்லை எது? எப்படிச் செய்வது என்று எவ்வளவும் பேசலாம். செய்யலாமா என்று பேச முடியாது. குண்டை ஜப்பான்மேல் போடுவதற்கு எதிராக 1945 ஜூலையில் சிலார்ட் எழுதிய மனுவில் சிகாகோ விஞ்ஞானிகள் 70 பேர் கையெழுத்திட்டார்கள். க்ரோவ்ஸின் அலுவலகம் அதைத் தாமதப்படுத்தியது. ட்ரூமன் பார்வைக்கு அது போகவே இல்லை. அதைப் போன்றதொரு மனு லாஸ் அலமாஸில் சுற்றுக்கு விடப்படவில்லை. விஞ்ஞானிகள் அரசியலில் தலையிடக்கூடாது என்று ஓப்பன்ஹைமர் தடுத்ததாக டெல்லர் சொல்கிறார். சரி, தலையிட வேண்டாம். ஆனால் இலக்குகளைத் தேர்ந்த குழு மே மாதத்தில் கூடியது ஓப்பன்ஹைமரின் அறையில். நேரடி ராணுவப் பயன்பாட்டைத் தவிர ஏற்கத்தக்க மாற்று தெரியவில்லை என்று ஜூன் 16 அன்று எழுதிய நால்வரில் அவரும் ஒருவர். அதே குறிப்பில் அரசியல் கேள்விகளில் தங்களுக்குத் தனித் தகுதி ஏதும் இல்லை என்றும் எழுதினார்கள். மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல். ஜெர்மனி குண்டு செய்யவில்லை என்று தெரிந்ததும் 1944 முடிவில் வெளியேறிய ஜோசஃப் ராட்ப்ளாட்டை இந்தத் தலைமைக் கதைகளில் தேடவேண்டியிருக்கிறது.

1945 ஜூலை 25. ஜெனரல் ஸ்பாட்ஸுக்குப் போன உத்தரவில் கையெழுத்து ஜெனரல் ஹாண்டியுடையது, வரைவு க்ரோவ்ஸுடையது. ஆகஸ்டு 3-க்குப் பிறகு வானிலை இடங்கொடுத்ததும் முதல் குண்டு. மற்றவை தயாராகத் தயாராக. தனித்தனி முடிவு என்ற பேச்சே இல்லை. ட்ரூமனின் பங்கு, ஏற்கெனவே இருந்த ஏற்பாட்டில் குறுக்கிடாமல் இருந்ததுதான் என்று க்ரோவ்ஸே எழுதியிருக்கிறார். இரண்டாவது குண்டு ஆகஸ்டு 11-க்குத் திட்டமிடப்பட்டிருந்தது. வானிலை கெடும் என்றார்கள், 9-க்கு முன்தள்ளினார்கள். அன்று கொக்குரா தெரியவில்லை, நாகசாகி தெரிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே செத்தவர்கள் சுமார் 70 ஆயிரம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நாகசாகியை யார் முடிவு செய்தார்கள் என்று தேடினால் ஒரு ஆள் கிடைப்பதில்லை. ஒரு கால அட்டவணை கிடைக்கிறது.

ஆகஸ்டு 10 அன்று, அடுத்த குண்டு 17 அல்லது 18-க்குப் பிறகு தயார் என்று க்ரோவ்ஸ் தலைமைத் தளபதி மார்ஷலுக்குக் குறிப்பு அனுப்புகிறார். ஜனாதிபதியின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் இதை ஜப்பான்மேல் போடக்கூடாது என்று மார்ஷல் அந்தத் தாளிலேயே கையால் எழுதினார். முந்தின நாள்வரை அப்படி ஓர் அனுமதி தேவைப்பட்டிருக்கவில்லை.