எஞ்சினைக் கழற்றாமலே: மண்ணெண்ணெய்க் காலத்து ஒரு திருத்தவேலை

யாழ். குடாநாட்டின் வரலாற்றை எழுதுவோர் கோயில்களையும் கல்லூரிகளையும் போர்களையும் பற்றி நிறையவே எழுதுகின்றனர். வீதியோரக் கராஜ்களைப் பற்றி எழுதுவார் குறைவு. ஆயினும் 1990 முதல் 1995 வரை நோயாளரும் கர்ப்பிணிகளும் மூட்டை முடிச்சுகளும் ஊர்விட்டு ஊர் செல்ல முடிந்ததென்றால், அதில் அக்கராஜ்களுக்குப் பெரும் பங்குண்டு. அங்கு நடந்த ஒரேயொரு வேலையை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கின்றோம். எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியை, நம்மவர் 'சம்ப்' என வழங்குவதை, எஞ்சினை வெளியே எடுக்காமற் கழற்றி அதன் கஸ்கற்றை மாற்றும் வேலை அது.

மொறிஸ் மைனர் கார் 1948 இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1971 இல் உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. அவற்றுட் பல இலங்கைக்கும் வந்தன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களில் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும், வந்த கார்களை எப்பாடுபட்டேனும் ஓடவைக்கும் பழக்கம் நாடெங்கும் ஏற்பட்டது. 1977 க்குப் பின் யப்பானிய வாகனங்கள் வந்தபோதும், குடாநாட்டில் பழைய மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் வாடகைக் கார்களாக ஓடிக்கொண்டேயிருந்தன.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, வாகன உதிரிப்பாகங்கள் யாவும் தடைப்பட்டன. மண்ணெண்ணெய் மாத்திரம் ஓரளவு கிடைத்தது. அப்பொழுதுதான் பழைய கார்களின் அருமை தெரிந்தது. கார்புரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இது புதுமையன்று. 1949 இல் பேர்குசன் நிறுவனம் இதே முறையில் ஓடும் உழவு இயந்திரத்தை விற்றது. நம் தோட்டங்களில் நீர் இறைத்த சிறு எஞ்சின்களும் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியவையே. தோட்டக்காரர் அறிந்த வித்தையைக் கார்க்காரர் எடுத்துக்கொண்டனர் என்று கூறுவதே பொருந்தும்.

ஆனால் காருக்கு அது நஞ்சாகவும் இருந்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் வளையங்களைக் கடந்து சம்புக்குள் இறங்கும். அளவுக்கோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் கூடியிருக்கும். அது கண்டு மகிழ்ந்தவர் ஏமாந்தார். கூடியது மண்ணெண்ணெய்; குறைந்தது எண்ணெயின் தடிப்பு. நீர்த்த எண்ணெய் முதுமையில் இறுகிய தக்கைக் கஸ்கற்றின் ஊடாக எளிதாகக் கசியும். கசிவைக் கவனியாது விட்டால் பெயரிங்குகள் தேய்ந்து எஞ்சின் இறுகிவிடும். மாற்று எஞ்சினுக்கு எங்கே போவது?

எஞ்சினை இறக்குவதற்கோ நாட்கள் வேண்டும். மொறிஸ் மைனரில் அந்தத் தேவை இல்லாதிருந்தது நம்மவரின் நல்வினை. அதன் முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குத் தண்டுகள் நீளவாட்டிற் பின்னோக்கிச் செல்வன. ஆகவே சம்புக்குக் கீழே தடுக்கும் குறுக்குச் சட்டம் இல்லை. வேறு சில கார்களில் எஞ்சின் தாங்கிகளின் ஆணிகளைத் தளர்த்தி, மேலே சங்கிலி கட்டி இரண்டொரு அங்குலம் தூக்கினாலன்றிச் சம்ப் வெளியே வராது. இதே இசிகோனிஸ் 1959 இல் அமைத்த மினிக் காரில் கியர்களையே சம்புக்குள் வைத்துவிட்டார். அங்கே எஞ்சினைத் தூக்காமல் ஒன்றும் நடவாது. மேதைகளும் திருத்துபவனை எப்போதும் நினைப்பதில்லை போலும்.

வேலையில் அவசரம் ஆகாது. ஆறரைப் பைந்து எண்ணெயையும் சூட்டோடு வடிக்க வேண்டும். ஆணிகளைக் கழற்றிச் சம்பை இறக்கியபின், பழைய கஸ்கற்றின் கடைசித் துணுக்குவரை சுரண்ட வேண்டும். முன்னைய கைகள் ஆணிகளை அளவுமீறி இறுக்கியிருப்பின் சம்பின் விளிம்பு துளைகளைச் சுற்றிக் குழிந்திருக்கும். அதைச் சமப்படுத்தாமற் புதுக் கஸ்கற் வைப்பது வீண். ஆயத்தக் கஸ்கற் கிடையாத காலமாகையால், விளிம்பின்மேல் தக்கைத் தகட்டையோ தடித்த மட்டையையோ வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி, விழுந்த அடையாளத்தின்வழி வெட்டுவர். முன்னும் பின்னும் வளைவுகளில் இடவேண்டிய தக்கைக் கீற்றுகளே கடினமானவை. ஆணிகளுக்கு 6 அடி-இறாத்தல் இறுக்கமே போதும். மிஞ்சினால் தக்கை பிதுங்கும். இத்தனை செய்தும் பின்புறம் சில துளிகள் விழும். அந்த எஞ்சினின் பின்முனையில் எண்ணெயைத் தடுப்பது தோல் வளையமன்று, தண்டில் வெட்டிய புரிதான். எண்ணெய் நீர்த்தால் அது முழுதாகத் தடுக்காது. அத்துளிகளுக்காக ஏச்சு வாங்கிய திருத்துபவர்கள் பலர்.

1993 இல் நாம் அறிந்த ஒரு கராஜுக்குக் காலையில் ஒரு மைனர் வந்தது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலம்; வெளியே செல்வோர் கிளாலிக் கரையிலிருந்து இரவிற் படகேறிக் கடல் நீரேரியைக் கடந்தனர். பின்னர் அகதிகளாய் வாழ்ந்த நம்மிற் பலர் அக்கரைவரை சென்றது இத்தகைய கார்களிலேயே. அன்று மாலை ஒரு குடும்பத்தை ஏற்ற வேண்டியிருந்தது. திருத்துபவர் குழிக்குள் இறங்கினார். பின்புறக் கீற்றுக்குத் தக்கை போதவில்லை. பழைய ரப்பர்ச் செருப்பை வெட்டி வைக்கலாமே என்றார் கார்க்காரர். எண்ணெயில் ஊறினால் ரப்பர் பொங்கிப் பிதுங்கும் என்று மறுத்து, வேறொரு காரின் கழிந்த கஸ்கற்றில் நல்ல பகுதியைத் தேடியெடுத்து அளந்து வெட்டினார். மதிய உணவை அவர் உண்ணவில்லை.

ஐந்து மணிக்குக் கார் புறப்பட்டது. மறுநாட் காலை திரும்பி வந்ததும் அதன் அடியில் ஒரு தகரத்தை வைத்துப் பார்த்தார்கள். விளிம்பு காய்ந்திருந்தது. பின்புறத்திலிருந்து மூன்று துளிகள் விழுந்தன. குடும்பம் ஏரியைக் கடந்துவிட்டதாகக் கார்க்காரர் கூறினார்.