பேர்லேண்டில் மழை விட்ட இரவு: தவளைகளைக் குரலால் அறிதல்

கோடை மழை விட்ட நாளில் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் இரவுப் பூசை முடிந்து வெளியே வந்தால், ஈரம் தேங்கிய பள்ளமெல்லாம் ஒரே கச்சேரி. டெக்சஸ் வந்த புதிதில் எனக்கு அது வெறும் தவளைச் சத்தம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள் நம் ஊரில். அந்த வாயை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடலாம் என்பது பல மழைக்குப் பிறகுதான் புரிந்தது. துணை தேடிக் கத்துவது ஆண்கள். பெண் ஆள்மாறிப் போகக் கூடாதே, அதனால் இனத்துக்கொரு குரல்.

முதலில் பழகவேண்டியது வளைகுடாக் கரைத் தேரை. வாசல் விளக்கடியில் பூச்சிக்குக் காத்திருப்பது பெரும்பாலும் இதுதான். முதுகின் நடுவே வெளிர்க்கோடு, விலாவில் கரும்பட்டை, கண்களுக்கு நடுவே ஆழமான பள்ளம். மரக் கிலுகிலுப்பையை நிறுத்தாமல் ஆட்டினாற்போல் சில விநாடிகள் அதிரும். (தொட்டால் கை கழுவுங்கள். கண்ணுக்குப் பின்னால் நச்சுச் சுரப்பி இருக்கிறது.)

சன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருப்பது பச்சை மரத்தவளை. உதட்டிலிருந்து விலாவரை வெள்ளைக்கோடு. மூக்கால் 'க்வாங்க், க்வாங்க்' என்னும். தெளிவான கோடில்லாமல், பச்சைக்கும் பழுப்புக்கும் மாறிக்கொண்டிருந்தால் அது அணில் மரத்தவளை, வாத்துபோல் கரகரக்கும். குளக்கரையில் இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவது போலிருந்தால் சில்வண்டுத் தவளை. இரு கண்ணுக்கு நடுவே முக்கோணக் கறை இருக்கும். தம்புராவின் தளர்ந்த தந்தியைச் சுண்டினாற்போல் ஒற்றை ஒலி வந்தால் வெண்கலத் தவளை.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். கிழக்கு டெக்சஸில் சாம்பல் மரத்தவளை இரண்டு இனம். இரண்டுக்கும் கண்ணடியில் வெண்புள்ளி, உள்தொடையில் மஞ்சள். பார்த்துப் பிரிக்க வழியே இல்லை. ஒன்றுக்கு 24 குரோமோசோம், மற்றதற்கு 48. 24 உள்ளது வேகமாக, கரகரப்பாக அதிரும். 48 உள்ளது நிதானமாக, இனிமையாக. வெப்பம் ஏறினால் இரண்டுமே வேகம் பிடிக்கும். எனவே காதோடு வெப்பமானியும் வேண்டும்!

ஒரு மார்ச் இரவில் நீண்ட அதிர்வு கேட்டு, ஹூஸ்டன் தேரை என்று துள்ளிவிட்டேன். 1953-இல் ஹூஸ்டன் பெயரிலேயே தனி இனமாக விவரிக்கப்பட்டது அது. உச்சஸ்தாயியில், தெளிவாக, சில வேளை பத்து விநாடிகூட நீளும் குரல். 1950களின் வறட்சியும் நகரின் வளர்ச்சியும் சேர்ந்து, 1960களிலேயே ஹூஸ்டன் பக்கத்தில் அதை இல்லாமல் ஆக்கின. 1970-இல் அழிவாபத்துப் பட்டியலில் சேர்ந்தது. எஞ்சியவற்றின் முக்கியப் புகலிடமான பாஸ்ட்ராப் பைன் காட்டையும் 2011 செப்டம்பரில் பெருந்தீ தின்றது. ஹூஸ்டன் மிருகக்காட்சிசாலை 2007 முதல் இதை வளர்த்து வருகிறது; அங்கே இட்ட முட்டைச் சரங்களைப் பாஸ்ட்ராப் குளங்களில் விடுகிறார்கள். பெயர் கொடுத்த ஊரில்தான் அதன் பாட்டு இல்லை.

கைபேசியில் பதிந்து எண்ணிப் பார்த்தேன். மூன்று விநாடியைத் தாண்டவில்லை, சுருதியும் தணிவு. யோசித்திருந்தால் எண்ணவே வேண்டியதில்லை. புதைந்துகொள்ள ஆழமான மணல் கேட்கும் பிராணி அது, எங்கள் பக்கமோ களிமண். இருந்தும் பதிவை அழிக்கவில்லை: மூன்று விநாடி வளைகுடாத் தேரை, பின்னணியில் நெடுஞ்சாலை 288-இன் இரைச்சல்.