தமிழெழுத்தின் மூலமும் ஊவாவும்

நூலைக் காத்தல் அறிஞர் கடன் என்பதை யாவரும் உடன்படுவர். நூலை அச்சேற்றும் எழுத்தின் மூலத்தைக் காத்தலும் அத்தகைய கடனே என்பதைச் சிலரே எண்ணுவர். தமிழ் அச்சின் வரலாறு இதனைத் தெளிவுற உணர்த்துகின்றது.

1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. 1679இல் அம்பலக்காட்டில் புரோவென்சா பாதிரியாரின் அகராதி அச்சேறியபோது எழுத்துக்கள் புதிதாக வெட்டப்பட்டன. பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் காண முற்பட்டபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் மீண்டும் புதிதாக வார்த்த எழுத்துக்கள் 1713இல் வந்து சேர்ந்தன. முன்னோர் உழைப்புப் பின்னோர்க்குக் கைம்முதலாகாது ஒழிந்தது.

அவ்வுழைப்பு யாது? எஃகுக் கோலின் நுனியில் எழுத்தைச் செதுக்குவர். அதனைச் செம்பில் அறைந்து தாயச்சாக்குவர். தாயச்சில் ஈயக் கலவையை வார்ப்பர். ஈயம் தேயினும் தாயச்சு உளதாயின் மீண்டும் வார்த்துக்கொள்ளலாம். அதுவும் தொலைந்தால், அச்சான தாள்களே எஞ்சும். புதிதாய் ஒரு வரியும் கோக்க இயலாது.

கணினி எழுத்துருவுக்கும் இந்நீதி பொருந்தும். நாம் நிறுவிப் பயன்படுத்தும் எழுத்துருக் கோப்பு வார்த்த ஈயம் போன்றது. வரைந்தவர் கையாண்ட மூலக்கோப்பே தாயச்சு. 2007இல் வெளிவந்த எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தின் 1.1ஆம் பதிப்பு, எழுத்துருவைப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் இசைவளிக்கின்றது. ஆயின் மூலக்கோப்பையும் வெளியிடுக என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே உரிமம் மட்டும் போதாது. மூலத்தை ஒழுங்குற வைத்தலும் வேண்டும்.

ஒழுங்காவது பின்வருமாறு. மூலத்திற்கு ஒரு கோப்புறை, ஆக்கிய எழுத்துருவுக்கு மற்றொன்று. உரிமம், ஆக்கியோர் பெயர், மாற்றக் குறிப்பு ஆகியவை தனித்தனிக் கோப்புக்கள். 2004இல் வகுக்கப்பட்ட யூ.எஃப்.ஓ. என்னும் வடிவத்தில் ஒவ்வோர் உருவும் படிக்கத்தக்க உரைக்கோப்பாகத் தனித்து நிற்கும். 'ணு' என்னும் உருவை ஒருவர் திருத்தின், திருத்தம் அக்கோப்பில் மட்டும் புலப்படும். ஒரு மென்பொருள் வழக்கொழியினும் மற்றொன்று அதனைத் திறக்கும்.

இதன் பயனுக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. வெர்னன் ஆடம்ஸ் உரோம எழுத்துக்கு வரைந்த 'பொன்டானோ சான்ஸ்' திறந்த உரிமத்தில் வெளிவந்தது. அதற்கு இயைந்த தமிழ் வடிவமாகப் 'பவனம்' எழுத்துருவை இலங்கையரான தாரிக் அஸீஸ் ஆக்கினார். ஒருவர் இட்ட அடித்தளத்தில் மற்றொருவர் சுவரெழுப்பினார்.

பதுளைத் தோட்டப்புறத்தார்க்கு இஃது எட்டாப் பொருளன்று. 1999இல் பதுளை மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் சில இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. பிறப்புப் பதிவிலும் விண்ணப்பத்திலும் தொழிலாளியின் பெயர் தமிழில் பிழையற நிற்றல் வேண்டும். நெடுங்காலம் இங்கு வழங்கிய 'பாமினி' போன்ற எழுத்துருக்களிலோ, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் அமர்ந்திருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அப்பெயர் பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாகும். ஒருங்குறி இக்குறையைத் தீர்த்தது. ஆயினும் வடிவம் பற்றிய கவலை எஞ்சியுள்ளது.

'பூனாகலை' என்னும் பெயரை நோக்குக. 1978இல் தமிழ்நாட்டரசு ஆணையிட்ட எழுத்துச் சீர்திருத்தம் இதன் 'னா', 'லை' ஆகிய இரண்டின் உருவையும் மாற்றியது. பழைய தோட்ட ஆவணங்களை உள்ளவாறே பதிப்பிக்க விழைவோர்க்குப் பழைய உருவங்களும் வேண்டும். மூலம் கிடைப்பின் அவற்றைச் சேர்க்கலாம். கிடையாவிடின் சீகன்பால்கு பட்ட பாட்டையே நாமும் படவேண்டும். ஹாலிஎல, ஹல்துமுல்லை முதலிய பெயர்கள் கிரந்த எழுத்தையும் வேண்டி நிற்கின்றன.

தேயிலையின் இயல்பறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெட்டியில் அடைத்த தூளினின்று புதுக்கன்று முளையாது. தாய்ச்செடியின் கிளையை வெட்டி நட்டே கன்று வளர்ப்பர். எழுத்துருவின் தாய்ச்செடி அதன் மூலக்கோப்பு. மாணவர் தம் ஊர்ப்பெயர்களையும் தோட்டப்பெயர்களையும் திரட்டி, எழுத்துருவைச் சோதிக்கும் மாதிரி உரையாக மூலத்தோடு சேர்த்து வைப்பாராயின், ஊவாவின் பெயர்கள் இனிவரும் எழுத்துக்களிலும் பிழையற நிற்கும்.