நாகப்பட்டினத்தில் கப்பல், திருச்சியில் விமானம்



திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். விமானத்தில் நான்கு மணி நேரம். தஞ்சாவூரில் ராத்திரி சாப்பிட்டுக் கிளம்புகிறவர் காலைப் பசியாறலுக்கு அங்கே இருக்கிறார். உங்களில் பலருக்கு இது பழகிப்போன பயணம். இதே கடலை நம் டெல்டாக்காரர்கள் முன்பு எப்படிக் கடந்தார்கள் என்று எழுதிவைக்கத் தோன்றியது.

1025-ல் ராஜேந்திர சோழனின் படை போன கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா. பினாங்குத் தீவுக்குப் பக்கத்துக் கரை. பாய்மரக் காலத்தில் தென்மேற்குக் காற்றில் கிழக்கே போய், வடகிழக்குக் காற்றுக்குக் காத்திருந்து திரும்ப வேண்டும். போய்வர ஒரு வருஷத்தில் பெரும்பகுதி போய்விடும். கடாரத்தின் பெயர் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ரஜூலாவைப் பற்றி. 1926-ல் கட்டிய நீராவிக் கப்பல். சென்னையில் கிளம்பி நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும். நாகையில் கப்பல் கரைக்கு வராது. தள்ளி நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். பினாங்கு வரை 2,300 கிலோமீட்டருக்கு நான்கைந்து நாள். கணக்குப் போட்டால் மணிக்கு 20 கிலோமீட்டர் சொச்சம், சைக்கிளை அழுத்தி மிதிக்கிறவன் வேகம்தான்! காசு உள்ளவர்களுக்கு அறை. தோட்டத்துக்குப் பால் வெட்டப் போனவர்களும் கடைச் சிப்பந்திகளும் டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போனார்கள். ராஜேந்திரனுக்குப் பாடப்புத்தகத்தில் இடம் உண்டு. இவர்களுக்கு ஒரு வரி கிடையாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

என் பெரியப்பா அப்படி டெக்கில் போனவர். தாத்தா இறந்தபோது பினாங்குக்குத் தந்தி கொடுத்தார்கள். கப்பல் வரும் நாள் பார்த்து, இடம் பிடித்து, அவர் நாகையில் இறங்கியபோது கருமாதி முடிந்து பத்து நாள். மூத்த மகன் அவர். கொள்ளி வைத்தது என் அப்பா. திண்ணையில் உட்கார்ந்து, "அப்பா என்னைக் கேட்டாரா?" என்று மட்டும் விசாரித்தாராம். "கேட்டார்" என்று அப்பா சொன்னார். உண்மையா என்று நான் அப்பாவிடம் கேட்டதில்லை.

போன வருஷம் என் மாணவன் ஒருவனின் தாயார் விடியற்காலையில் தவறினார். சிங்கப்பூரிலிருந்து அன்று மாலையே வந்துவிட்டான். அவனுக்காகத்தான் எடுக்காமல் வைத்திருந்தார்கள்.

ரஜூலா 1973 வரை ஓடியது. அடுத்து வந்த எம்.வி. சிதம்பரத்தில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அத்தோடு கப்பல் பயணம் முடிந்தது. திருச்சி 2012-ல் சர்வதேச விமான நிலையமானது.

பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அப்படியானால் நள்ளிரவு 12 மணிக்குத் திருச்சியில் கிளம்பிய விமானம் அங்கே எத்தனை மணிக்கு இறங்கும்?

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் பழைய பாஸ்போர்ட்டோ கப்பல் டிக்கெட்டோ கிடந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். நாகப்பட்டினம் முத்திரையும் தேதியும் தெரியும்படி எடுங்கள்.