பாலத்தில் நின்ற மனிதர்

ஒரு நகரத்தின் வரலாற்றைக் கட்டடங்களைக் கொண்டும் எழுதலாம். முகங்களைக் கொண்டும் எழுதலாம். அயர்லாந்தின் தலைநகரான டப்ளினின் பழைய புகைப்படங்களைப் பார்க்கும்போது இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் எனக்குத் தெளிவாகிறது.

1865இல் வில்லியம் லோரன்ஸ் அங்கு படப்பிடிப்பு நிலையமொன்றைத் தொடங்கினார். அவரிடம் பணியாற்றிய றொபேட் பிரெஞ்ச் நாடெங்கும் சென்று வீதிகளையும் துறைமுகங்களையும் படமெடுத்தார். 1916 ஈஸ்டர் கிளர்ச்சியின்போது சக்வில் வீதியிலிருந்த அந்நிலையம் சூறையாடப்பட்டுத் தீக்கிரையானது. மக்கள் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட உருவப்படங்களின் தகடுகள் அழிந்தன. வேறிடத்தில் இருந்த காட்சிப் படத் தகடுகள் தப்பின. அவை உள்ளிட்ட ஏறத்தாழ 40,000 கண்ணாடித் தகடுகளை 1943இல் தேசிய நூலகம் வாங்கியது. வீதிகள் எஞ்சின, குடும்பங்களின் முகங்கள் கரிந்து போயின.

அந்த முகங்களை மீண்டும் நகரத்துக்குத் தந்தவர், உக்ரேனிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பமொன்றில் பிறந்த ஆதர் பீல்ட்ஸ் என்றே நான் கருதுகிறேன். 1930களிலிருந்து 1980கள் வரை அவர் ஓ'கொனல் பாலத்தில் கமராவுடன் நின்றார். போவோர் வருவோரைப் படமெடுத்துச் சீட்டொன்றைக் கொடுப்பார். விரும்பியவர்கள் பின்னர் காசு செலுத்திப் படத்தைப் பெறுவார்கள். இவ்வாறு அவர் எடுத்தவை 180,000க்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது. ஆனால் அவற்றின் நெகடிவ்களை அவர் சேமித்து வைக்கவில்லை. ஆகவே அவரது தொகுப்பு எந்த நூலகத்திலும் இருக்கவில்லை. ஆயிரமாயிரம் வீடுகளின் அல்பங்களில் சிதறிக் கிடந்தது.

2010களில் அப்படங்களைத் தேடும் முயற்சி தொடங்கியபோது மக்களே அவற்றைக் கொண்டுவந்தார்கள். ஆண்டு தெரியாத படங்களுக்கு உடைகளும் பின்னணியும் சாட்சி சொல்லின. பின்னால் நெல்சன் தூண் தெரிந்தால் அது 1966 மார்ச்சுக்கு முந்தியது. அம்மாதத்தில்தான் அத்தூண் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. ஆனால், கைகோத்து நடப்பவர்கள் புதுமணத் தம்பதியா, கப்பலேறப் போகும் தம்பியை வழியனுப்ப வந்த அக்காவா என்பதைத் தூண் சொல்லாது. அதை வீட்டிலுள்ள முதியவர்தான் சொல்ல வேண்டும்.

அவர் மறைந்துவிட்டால் படம் இருக்கும், வரலாறு இராது. எனவே பழைய படத்தைப் பாதுகாப்பது பாதி வேலைதான். அதை நாலு பேர் முன் வைத்து, "இது யார்?" என்று உரிய காலத்தில் கேட்பதே மறுபாதி.